கேட்டுச் செய்தலும் செய்து கேட்டலும்

நெரிசலான வேளையிற் பஸ் வண்டியில் இடம் பிடிக்குங் கலையை நம் மாணவருக்கு எவருங் கற்பித்ததில்லை. எனினும் அக்கலையில் அவர்கள் யாவரும் தேர்ச்சி பெற்றவர்களே. யன்னலூடாக எட்டிப் பார்த்து, இருக்கை ஒன்று வெறுமையாயுளது என மனத்திற் குறித்துக்கொண்டு, பின்பு வாயிற்பக்கஞ் சென்று ஏறி வருபவன் பெரும்பாலும் நின்றுகொண்டே வீடு சேர்வான். அவன் கண்டது பொய்யன்று. கண்டபொழுது இருக்கை வெறுமையாகத்தான் இருந்தது. கண்ட கணத்துக்கும் அமரச் சென்ற கணத்துக்கும் இடையில் வேறொருவன் அமர்ந்துவிட்டான். அநுபவமுள்ளவனோ, யன்னலண்டை வந்ததும் லேஞ்சியை உள்ளே எறிந்துவிடுவான். விழுந்தால் இடம் அவனுடையது. வேறொருவனின் லேஞ்சி முன்னரே கிடந்தால் அதையும் அக்கணமே அறிந்துகொள்வான். பார்த்தலும் பிடித்தலும் அவனுக்கு இரு வேறு செயல்களல்ல.

இவ்விரு மாணவரிடையே உள்ள வேற்றுமையே இக்கட்டுரையின் பொருள். ஆயின் யாம் கூறவந்தது பஸ் வண்டியைப் பற்றியன்று. கணினியிற் கோப்புறை ஆக்குதலைப் பற்றியது. தமிழ் படிப்பிப்பவருக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என வாசகர் வினவுதல் கூடும். அலுவல் வந்த வகையைச் சொல்லிவிட்டே மேற்செல்கின்றோம்.

2023ஆம் ஆண்டிலே, கல்லூரியின் பழைய மலர்களையும் நிழற்படங்களையும் கணினியிற் சேமித்து வைத்தல் வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் விரும்பினர். படங்களிலுள்ளோரின் பெயர்களையும் ஆண்டுகளையுஞ் சரிபார்க்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. வருடியிலிட்டுப் பெற்ற படங்களை ஆண்டு வாரியாகவும் நிகழ்ச்சி வாரியாகவும் பிரித்து வைக்கும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஏற்றார். பைதன் மொழியில் அவர் எழுதிய செய்நிரல் சிறியதே. விரைவு கருதி, அதனை ஒரே வேளையில் நான்காக ஓடவிட்டார். மாலையில் ஓடவிட்டு வீடு சென்றோம். காலையில் வந்து பார்த்தபோது மூன்று தம் வேலையை முடித்திருந்தன. நான்காவது முதற் செக்கனிலேயே நின்றுபோயிருந்தது. அதன் பங்குக்குரிய படங்கள், அஃதாவது மொத்தத்திற் காற்பங்கு, பிரிக்கப்படாது கிடந்தன. திரையிலே, "அப்பெயர் முன்னரே உளது" என்னும் வழு.

மாணவர் திகைத்தார். "இல்லையெண்டு பாத்துப்போட்டுத்தானே சேர் ஆக்கச் சொன்னனான், பிறகெப்பிடி இருக்குதெண்டு வரும்?" என்றார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கணினியின் வன்தட்டில் எழுத்தும் படமும் ஒலியுங் கோப்புக்களாக வைக்கப்படுகின்றன. அவற்றை இனம் இனமாகச் சேர்த்து வைக்கும் உறையே கோப்புறை. அடைவு என்பாரும் உளர். கோப்புறைக்குள் கோப்புறையாக அவை கிளைத்துச் செல்லும். ஓடத் தொடங்கிய செய்நிரலைச் செயன்முறை என்பர். ஒரே செய்நிரலை நான்கு முறை ஓடவிட்டால் நான்கு செயன்முறைகள் உண்டாகும். ஒரே பாடத்தை மனனஞ் செய்த நால்வரும் வெவ்வேறு ஆட்களாயிருத்தல் போல. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று காணாது. ஒன்று யாது செய்யப்போகின்றது என்பதும் மற்றொன்றுக்குத் தெரியாது. அவை நான்குக்கும் பொதுவாயிருந்தது வன்தட்டு ஒன்றே.

மாணவர் எழுதியது இது: "1958 என்னுங் கோப்புறை உண்டோ? இல்லையெனின் அதனை ஆக்குக. பின்பு படத்தை அதனுள் நகர்த்துக." வாசிப்போர்க்கு இதிற் குற்றந் தோன்றாது. எமக்குந் தோன்றவில்லை. ஆயின் இரண்டு செயன்முறைகள் ஒருங்கே இதனைச் செய்யுங்கால் நிகழக்கூடியதை எண்ணிப் பாருங்கள். முதலாவது, "உண்டோ?" எனக் கேட்கின்றது, "இல்லை" என விடை வருகின்றது. அது ஆக்குமுன்னரே இரண்டாவதுங் கேட்கின்றது. அதற்கும் "இல்லை" என்றே விடை. இரண்டு விடைகளும் மெய்யே. இப்பொழுது முதலாவது கோப்புறையை ஆக்குகின்றது. இரண்டாவதும் தனக்குக் கிடைத்த விடையை நம்பி ஆக்க முயல்கின்றது. ஒரு கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு இருத்தல் இயலாது. ஆதலின் இரண்டாவதற்கு வழு கிடைக்கின்றது. வழுவை எதிர்பாராத செய்நிரல் அவ்விடத்திலேயே இறந்துபடுகின்றது.

கேட்டற்கும் ஆக்கற்கும் இடைப்பட்ட காலம் செக்கனின் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. அவ்வளவு சிறிய இடைவெளியில் இருவர் அகப்படுதல் அரிதன்றோ எனின், அரிதே. அரிதாயிருத்தலே இதன் கொடுமை. தனியொரு செயன்முறையாக நூறு முறை ஓட்டிப் பார்ப்பினும் இவ்வழு தலைகாட்டாது. சோதனையில் ஒளித்திருந்து, வேண்டாத நாளில் வெளிப்படும். அன்றியும், எமது நான்கு செயன்முறைகளும் ஒரே கணத்திற் புறப்பட்டன. நான்கும் முதலிற் கையிலெடுத்தவை 1958ஆம் ஆண்டுப் படங்கள். ஆகவே நான்கும் ஒரே கோப்புறையையே முதலில் வேண்டின. பஸ் வந்து நின்றவுடன் எல்லோரும் முன்வாயிலுக்கே ஓடுவது போன்றது அது. மேலும், ஒரு செயன்முறையை எந்த இரண்டு செயல்களுக்கு இடையிலும் இடைநிறுத்தி, மற்றொன்றை ஓடவிடப் பணிசெயல் முறைமைக்கு உரிமையுண்டு. கேட்டவுடன் இடைநிறுத்தப்பட்ட செயன்முறை, மீண்டும் விழித்து ஆக்கப் புகும்போது, தன் கையிலுள்ள விடை பழசாகிவிட்டதை அறியாது.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட யுனிக்ஸ் முறைமையின் ஏழாம் பதிப்பு 1979இல் வெளிவந்தது. அதிலே கோப்புறை ஆக்குதற்கு முறைமையின் உட்கருவாகிய கெர்னலில் தனியொரு வழி இருக்கவில்லை. எம்கேடிர் என்னுஞ் செய்நிரல் ஒன்றே அதனைச் செய்துவந்தது. சாதாரண பயனர் நேரே கோப்புறை ஆக்க அனுமதியில்லை. ஆதலின் அச்செய்நிரலுக்கு முறைமையின் தலைமை அதிகாரம் வழங்கப்பட்டிருந்தது. அது பல படிகளாக வேலை செய்தது: முதலில் வெறுங் கோப்புறையை உண்டாக்கும், அடுத்து அதன் உரிமையை, கேட்ட பயனருக்கு மாற்றிக் கொடுக்கும், பின்பு தன்னையும் மேற்கோப்புறையையுங் குறிக்கும் இரு பெயர்களை அதனுள் இடும்.

இங்கே இடைவெளி எங்குளது என்பதை வாசகர் இதற்குள் கண்டிருப்பர். முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே வஞ்சகன் ஒருவன் புகுந்து, புதிய கோப்புறையை நீக்கிவிட்டு, அதே பெயரிலே கடவுச்சொற் கோப்புக்கு ஓர் இணைப்பை இட்டுவிட்டால் யாதாகும்? எம்கேடிர் ஒன்றுமறியாது, தான் ஆக்கிய கோப்புறையே அது என நம்பி, அப்பெயருக்குரியதன் உரிமையை அவனுக்கு மாற்றிக் கொடுக்கும். கணினியிலுள்ள யாவருடைய கடவுச்சொற்களையுங் கொண்ட கோப்பு அவனுடைமையாகிவிடும். கணினி மந்தமாக ஓடும் வேளை பார்த்துத் திரும்பத் திரும்ப முயன்றால் இது கைகூடும் என்பது அக்காலத்தார் அறிந்த செய்தி. எமக்கு நின்றுபோனது படம் பிரிக்கும் வேலை. அங்கே பறிபோகக்கூடியது முறைமை முழுவதும். ஆயின் இரண்டிற்கும் மூலம் ஒன்றே: ஒரு படியில் அறிந்ததை மறுபடியிலும் உண்மையென நம்பியமை.

1983இலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளிப் பிரிவினர் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் கோப்புறை ஆக்கும் வேலை கெர்னலுக்கே ஒப்படைக்கப்பட்டது. செய்நிரல் ஒரே அழைப்பு விடுக்கும். ஏனையவற்றைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். இன்று லினக்ஸ் முதலிய முறைமைகள் யாவற்றிலும் வழங்குவது அவ்வழியே. கெர்னல், மேற்கோப்புறையைத் தற்காலிகமாகப் பூட்டி, வேண்டிய பெயர் உளதோ எனத் தேடி, இல்லையெனிற் புதியதைப் பதிந்து, பின்பே பூட்டைத் திறக்கும். தேடுதலும் பதிதலும் பூட்டுக்குள்ளே நிகழ்வதால் நடுவே எவரும் நுழைதல் இயலாது. நான்கு செயன்முறைகள் ஒரே பெயரை ஒருங்கே கேட்பினும், ஒன்றுக்கே "ஆக்கினேன்" என விடை வரும். மற்றை மூன்றுக்கும் "முன்னரே உளது" என்று வரும். லேஞ்சி எறிதல் என்றது இதனையே.

ஆகவே மாணவர் வினாவுக்குரிய விடை எளிதாயிற்று. உண்டோ எனக் கேட்டு, விடையை நம்பி ஆக்குதல் கூடாது. முதலில் ஆக்கிப் பார்த்தல் வேண்டும். கெர்னல் தரும் விடையே உண்மையான விடை. "முன்னரே உளது" என்பது நமக்குத் தோல்வியன்று. நாம் வேண்டியது கோப்புறை இருக்கவேண்டும் என்பதே, யார் ஆக்கினாலென்ன?

இதனைப் பைதன் மொழியார் நன்கறிவர். ஒரு நீண்ட பாதையிலுள்ள கோப்புறைகள் யாவற்றையும் வரிசையாக ஆக்குதற்கு மேக்டிர்ஸ் என்னுங் கட்டளை அம்மொழியில் உண்டு. 2011இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்பில் அதற்கு "எக்ஸிஸ்ட் ஓகே" என ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. முன்னரே இருப்பின் குற்றமில்லை என்பது அதன் பொருள். அதனை இட்டு அழைத்தால் ஒரு வரியிலே காரியம் முடியும். அக்கட்டளையின் மூலநிரலை யாம் மாணவரோடிருந்து வாசித்துப் பார்த்தோம். அதுவும் இடையிலே மேற்கோப்புறை உண்டோ எனக் கேட்கத்தான் செய்கின்றது! ஆயின் கேட்ட விடையை அது முற்றாக நம்புவதில்லை. "இல்லை" எனக் கேள்விப்பட்டு ஆக்கச் சென்ற இடத்தில் வேறொருவர் அதற்குள் ஆக்கிவிட்டிருப்பின், அவ்வழுவை மட்டும் பொறுத்துக்கொண்டு மேற்செல்கின்றது. கேட்பது குற்றமன்று; கேட்டதை நம்பிக் கண்ணை மூடுவதே குற்றம் என அன்று விளங்கிற்று.

அத்தெரிவுக்கும் ஒரு வரலாறுண்டு. அதனை ஆக்கியோர் முதலில் மிகையான ஒழுங்கை விரும்பினர்: கோப்புறை முன்னரே இருந்தால் மட்டும் போதாது, யார் யார் அதனுள் எழுதலாம் என்னும் அனுமதியும் நாம் கேட்டபடியே இருத்தல் வேண்டும், அன்றேல் வழு. இதனைச் சரிபார்க்க, ஒவ்வொரு செயன்முறைக்குமுரிய அனுமதித் தடுப்பு யாது என அறிதல் அவசியமாயிற்று. யுனிக்ஸ் மரபில் அதனை அறியும் அழைப்பு ஒரு விசித்திரமானது. புதிய தடுப்பொன்றை இட்டால் மட்டுமே பழையதைச் சொல்லும். ஆகவே தடுப்பைச் சற்றே நீக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப இட்டனர். அச்சிறு பொழுதில், அதே செயன்முறையின் வேறோர் இழை ஏதேனுங் கோப்பை ஆக்கினால், தடுப்பின்றி, எவரும் எழுதக்கூடியதாக அது பிறந்துவிடும். ஓர் இடைவெளியை அடைக்கச் சென்றோர் மற்றோர் இடைவெளியைத் திறந்துவிட்டனர். 2014இல் வந்த 3.4.1ஆம் பதிப்பில், இதனைப் பாதுகாப்பாகச் செய்ய இயலாதென வெளிப்படையாக எழுதி, அச்சோதனையையே நீக்கிவிட்டனர். இயலாததை இயலாதென எழுதி வைத்த அந்நேர்மையை யாம் மெச்சுகின்றோம்.

ஜாவா மொழியிலும் இத்தகைய திருத்தம் 2011இல் வந்தது. அதன் பழைய கட்டளை, கோப்புறையைத் தான் ஆக்காவிடின் "பொய்" என ஒரு சொல்லையே விடையாகத் தரும். முன்னரே இருந்ததோ, ஆக்க இயலாது போனதோ என்பது அதிலிருந்து தெரியாது. புதிய கட்டளை இரண்டையும் வேறுபடுத்துகின்றது. யுனிக்ஸ் கட்டளை வரியில் எம்கேடிர் என்பதன் பின் பீ என்னும் எழுத்தைச் சேர்த்தலும் இப்பயனையே தரும்.

நிற்க. மேற்கூறிய விடையை யாம் ஒரே நாளிற் கண்டறிந்தோமல்லோம். நடுவே ஒரு பெரும்பிழை செய்தோம். அதனை மறைத்தல் தகாது.

முதல்நாள் வழுவைக் கண்ட மாணவர், "ஆக்கிப் பார், எவ்வழு வந்தாலும் பொருட்படுத்தாதே" எனச் செய்நிரலைத் திருத்தினார். யாமும் உடன்பட்டோம். நான்கு செயன்முறைகளும் தங்குதடையின்றி ஓடின. அடுத்த வாரத்தில், எண்பது வயதைக் கடந்த பழைய மாணவர் ஒருவர் தம் ஆல்பத்தைக் கொண்டுவந்து தந்தார். 1958ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டியில் எடுத்த 37 படங்கள் அதில் இருந்தன. வருடியிலிட்டோம், செய்நிரலை ஓட்டினோம், வழு எதுவுந் தோன்றவில்லை. மறுநாட்காலை ஆல்பத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். சில நாள் கழித்து, 1958 என்னுங் கோப்புறையைத் திறந்தபோது, "விளையாட்டுப் போட்டி" என்பது கோப்புறையாக இல்லை. அப்பெயரில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. படமாக அதனைத் திறந்தோம்: கயிறிழுத்தல் முடிந்து மாணவர் களைத்து அமர்ந்திருக்கும் காட்சி. ஏனைய 36 படங்களும் எங்குமில்லை.

நிகழ்ந்தது இது. அன்று வன்தட்டு நிறைந்துவிட்டிருந்தது. புதிய கோப்புறை ஆக்க அதிற் புதிதாக இடம் வேண்டும். இடமில்லாமையாற் கெர்னல் மறுத்து வழுவைத் தெரிவித்தது. எவ்வழுவையும் பொருட்படுத்தாதே என்று சொல்லியிருந்தோமன்றோ? செய்நிரல் பொருட்படுத்தவில்லை. அடுத்து, படத்தை அக்கோப்புறைக்கு நகர்த்துமாறு கட்டளை. சேருமிடம் ஒரு கோப்புறையாக இருந்தால் அதனுள் வைப்பதும், இல்லையேல் அப்பெயரையே கோப்பின் புதுப்பெயராகக் கொள்வதும் அக்கட்டளையின் இயல்பு. ஒரே வன்தட்டிற் பெயரை மாற்றுதற்குப் பெரும்பாலும் புதிய இடம் வேண்டியதில்லை. ஆதலின் அது இனிதே நிறைவேறியது. முதற்படம் "விளையாட்டுப் போட்டி" எனப் பெயர் பெற்றது. இரண்டாவது வந்தது, மீண்டுங் கோப்புறை ஆக்க முயற்சி, இம்முறை "அப்பெயர் முன்னரே உளது" என வழு, அதுவும் புறக்கணிக்கப்பட்டது. பின்பு இரண்டாவதும் அதே பெயரைப் பெற்று முதலாவதை அழித்தது. இவ்வாறே ஒன்றையொன்று அழித்து, இறுதியில் வந்தது எஞ்சியது. லினக்ஸில் பெயர்மாற்றம் பழைய கோப்பை ஒரு சொல்லுங் கேளாது நீக்கிவிடும்.

இதிற் பிழை மாணவருடையதன்று. 37 படங்கள் சென்றன, 37 வந்தனவா என எண்ணிப் பார்க்கவேண்டியவர் யாம். எண்ணாமலே ஆல்பத்தைக் கொடுத்தோம். பொறுக்கத்தக்க வழு ஒன்றே: முன்னரே உளது என்பது. அதனையுங் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்தலாகாது. அப்பெயரில் இருப்பது கோப்புறைதானா, அன்றிக் கோப்பா எனப் பார்த்தல் வேண்டும். வன்தட்டு நிறைந்தது, அனுமதியில்லை, மேற்கோப்புறை இல்லை என்பன போன்ற ஏனைய வழுக்கள் உரத்த குரலிலே வெளிப்பட்டு வேலையை நிறுத்துதல் வேண்டும். மேக்டிர்ஸ் கட்டளையின் தெரிவு இவ்வேறுபாடு அறிந்தது. கோப்பொன்று அப்பெயரில் இருப்பின், முன்னரே இருப்பினுங் குற்றமில்லை என நாம் சொல்லியிருந்தாலும், அது வழுவையே தரும். அதனை அன்றே பயன்படுத்தியிருந்தோமாயின், முதற் படத்துக்கு முன்னரே நின்றிருக்கும். ஆல்பமும் எம் மேசையில் இருந்திருக்கும்.

இனி, கோப்புறை இருந்தாற் போதும் என்பதே எவ்விடத்தும் நம் நோக்கமாயிராது. சில வேளைகளில் யார் ஆக்கினார் என்பதே முக்கியம். ஒரு வேலையை ஒருவரே செய்தல் வேண்டும் எனில், "பூட்டு" என ஒரு கோப்புறையை ஆக்க எல்லோரும் முயல்வர். ஆக்கியவர் உள்ளே சென்று வேலையைச் செய்வர். "முன்னரே உளது" என விடை பெற்றவர் வெளியே காத்திருப்பர். இவ்வழக்கம் யுனிக்ஸில் மிகப் பழையது. இங்கே முன்னர்ப் புகழ்ந்த "எக்ஸிஸ்ட் ஓகே" நஞ்சாகிவிடும். எல்லோருக்கும் வெற்றியெனச் சொல்லி எல்லோரையும் உள்ளே விட்டுவிடும். பூட்டியவர் நடுவிலே இறந்துபட்டால் பூட்டைத் திறப்பார் இலர் என்பதும் இம்முறையின் குறை.

வலையமைப்பின் வழியே சேவையகமொன்றில் கோப்புறை ஆக்கும்போது இன்னொரு விநோதம் நேரிடும். நம் வேண்டுகோளைச் சேவையகம் பெற்றுக் கோப்புறையை ஆக்கிவிடும். "ஆக்கினேன்" என்னும் விடை வழியில் தொலைந்துவிடும். விடை வராமையால் நம் கணினி வேண்டுகோளை மீண்டும் அனுப்பும். "முன்னரே உளது" என விடை வரும். ஆக்கியவர் நாமே; ஆயினும் பிறர் ஆக்கினார் என எண்ணி வாயிலிற் காத்திருப்போம்! அண்மையிற் செய்த வேண்டுகோள்களையும் விடைகளையுஞ் சேவையகம் நினைவில் வைத்திருந்து, திரும்பி வந்ததைக் கண்டால் பழைய விடையையே தருதல் இதற்கு ஓரளவு பரிகாரம். சேவையகம் நடுவிலே நின்று மீண்டும் எழுந்தால் அந்நினைவு பெரும்பாலும் போய்விடும்.

பிறர் பார்வைக்கு எட்டாத ஒரு தற்காலிகக் கோப்புறை வேண்டின், பெயரை நாமே கற்பித்து இடுதல் கூடாது. பொதுவிடத்தில் ஊகிக்கத்தக்க பெயரை வஞ்சகர் முன்கூட்டியே ஆக்கி வைத்திருத்தல் கூடும். எம்கே-டெம்ப் என்னும் வகையைச் சேர்ந்த கட்டளைகள், ஊகிக்கவியலாத எழுத்துக்களைச் சேர்த்துப் பெயர் அமைத்து, ஆக்கியவர் ஒருவரே நுழையத்தக்க அனுமதியோடு கோப்புறையை ஆக்கித் தரும். அப்பெயர் முன்னரே இருப்பின் வேறு பெயரை முயலும். இதுவும் லேஞ்சி எறிதலே. இருக்கை கிடைக்கும்வரை எறிதல்.

கோப்புறை இருக்கின்றது என்பதால் அதனுள் வேண்டியவை நிறைந்துவிட்டன எனக் கொள்ளுதலும் தவறு. ஒரு செயன்முறை கோப்புறையை ஆக்கிப் படங்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டிருக்கும்போதே, மற்றொன்று அதனைக் கண்டு, "ஆயத்தம்" எனக் கருதி வாசிக்கத் தொடங்கும். பாதிப் பந்தியிற் சாப்பாடு முடிந்ததென எண்ணி இலையெடுக்க வருவாரைப் போல. இதற்குப் பரிகாரம், வேறொரு தற்காலிகப் பெயரிலே கோப்புறையை ஆக்கி, யாவற்றையும் இட்டு நிறைத்து, இறுதியில் உண்மைப் பெயருக்கு மாற்றுதல். ஒரே வன்தட்டிற் பெயர்மாற்றம் ஒரே செயலாக நிகழும். காண்பவர் ஒன்றில் ஒன்றுங் காணார், அன்றேல் முழுமையாகக் காண்பர். நமக்கு முன்பே வேறொருவர் அப்பெயரில் நிறைந்த கோப்புறையை வைத்துவிட்டால் கெர்னல் நம் பெயர்மாற்றத்தை மறுக்கும். அப்போது நம்முடையதை நீக்கிவிட்டு அவருடையதை ஏற்றுக்கொள்ளலாம். கோப்புக்குப் பெயர் மாற்றும்போது முன்னிருந்ததை ஈவிரக்கமின்றி அழிக்கும் அதே கெர்னல், நிறைந்த கோப்புறையைத் தொடாது விடுவது கவனிக்கத்தக்கது.

ஆக்குவோர் பலராயிருக்குமிடத்தில் அழிப்போரும் இருத்தல் கூடும். வெறுங் கோப்புறைகளைக் கண்டு கூட்டித் துப்புரவு செய்யுஞ் செய்நிரலொன்று ஓடிக்கொண்டிருந்தால், நாம் ஆக்கிய கோப்புறையை, அதனுட் கோப்பை இடுமுன்னரே அது வெறுமையென நீக்கிவிடும். செய்நிரலாசிரியர் பலருங் கையாளும் கிட் என்னுங் கருவிக்கு இவ்விடர் உண்மையாகவே நேர்ந்துள்ளது. அதன் ஒரு பகுதி கோப்புறைகளை ஆக்கும். மற்றொரு பகுதி வெறுமையானவற்றை நீக்கும். இரண்டும் மோதினால், மீண்டுங் கோப்புறையை ஆக்கி மீண்டுங் கோப்பைத் திறக்க முயலுமாறு அதனைத் திருத்தியிருக்கின்றனர். எத்தனை முறை முயல்வது என்பதற்கு ஓர் எல்லையும் வைத்துள்ளனர்; எல்லையின்றி முயன்றால் இருவரும் விடியும்வரை ஒருவர் ஆக்க மற்றவர் அழிக்க இருப்பர். எம்மைக் கேட்டால், வேலை நடக்கும்போது துப்புரவு செய்யாமல் விடுதலே நன்று. மணியடித்த பின்பன்றோ வகுப்பறை கூட்டுகின்றோம்.

எம் செய்நிரலை மாணவர் இப்பொழுது திருத்தி எழுதியுள்ளார். நான்கு செயன்முறைகளும் முன்போலவே ஒருங்கே ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வேண்டிய கோப்புறையை ஆக்கியே பார்க்கின்றது. முன்னரே உளதென்னும் விடையை ஏற்கின்றது. ஏனைய எவ்வழுவையும் ஏற்பதில்லை. படத்தை நகர்த்துமுன்னர், அப்பெயரிற் கோப்பொன்று இருப்பின் நின்றுவிடுகின்றது. வருடியிலிருந்து வந்த மூலப்படங்கள் நீக்கப்படுவதில்லை, பிரதியே பிரிக்கப்படுகின்றது. இறுதியில் உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் எண்ணப்படுகின்றன.

ஆல்பத்துக்குரியவரிடம் நடந்ததைச் சொல்ல யாமே சென்றோம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். படங்களை இரண்டாம் முறை வருடியிலிடும்போது உடனிருந்து, ஒவ்வொன்றிலும் நிற்போரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். முதன்முறை அவை எமக்குக் கிடைத்திருக்கவில்லை. அன்று மாலை எண்ணிப் பார்த்தோம். 37 இருந்தன.